லொறி மறந்துபோகுமா?

பரந்தனுக்குக் கிட்ட ஒரு நெல் ஆலையின் வளவு. அண்ணை பழைய லேலண்ட் லொறியில் ஏறியிருந்தார். ஸ்ராட் பண்ணி, ஒன்றாம் கியரைப் போட்டு, கிளச்சை மெல்ல விட்டார். லொறி ஒருக்கால் உறுமிக் குலுங்கிவிட்டு அணைந்துபோனது. இரண்டாம் தரமும் அதே கதை. "கிளச் மறந்துபோச்சு தம்பி. கால் சொல்லுக் கேக்குதில்லை" என்றார். மூக்கு நுனியில் வேர்வை நின்றது.

2002இல் ஏ9 வீதி திறந்த பிறகு வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையில் சாமான் ஏற்றி ஓடியவர் அவர். 2006 ஆகஸ்ட்டில் பாதை மூடப்பட்டது. பிறகு இடப்பெயர்வு, முகாம், மீள்குடியேற்றம், வயல், பிழைப்புக்கு ஒரு ஓட்டோ. பழைய அனுமதிப்பத்திரம் இடப்பெயர்வோடு போய்விட்டது. இப்போது ஆலையில் வேலை இருக்கிறது. ஆனால் கனரக வாகனத்துக்குத் திரும்பவும் ட்ரயல், அதாவது பரிசோதகருக்கு முன்னால் ஓடிக் காட்டும் சோதனை, காட்டியாக வேண்டும்.

நான் எட்டி மானியைப் பார்த்தேன். காற்றழுத்த முள் இன்னும் சிவப்புக்குள்ளேயே கிடந்தது. காற்றில்லாவிட்டால் பிறேக் பிடிக்காது என்றுதான் பலரும் நினைப்பார்கள். இந்த வகை லொறியில் கைபிறேக்கின் கதை தலைகீழானது. பலமான சுருள்வில் ஒன்று பிறேக்கை எப்போதும் இறுக்கிப் பிடித்திருக்கும். தாங்கியில் காற்று நிறைந்தால்தான் அந்த வில் பின்னுக்குத் தள்ளப்பட்டுச் சில்லு விடுபடும். காற்று ஏறுமுன் கிளச்சை விட்டால், பூட்டிய சில்லோடு எஞ்சின் மல்லுக்கட்டி அணைந்துவிடும். ஆக, அண்ணையின் காலில் ஒரு பிழையும் இல்லை. எஞ்சினை ஓடவிட்டு, ஒரு பிளேன்ரீ குடித்து முடியும்வரை முள்ளைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் முந்தி அவருடைய வழக்கம். மறந்துபோனது அந்தக் காத்திருப்பு.

கால் பழகிய பழக்கம் ஒன்று, 'காற்றுக்குக் காத்திரு' என்ற ஞாபகம் மற்றொன்று. மூளை இவை இரண்டையும் வெவ்வேறு இடங்களில் வைத்திருக்கிறது. 1953இல் வலிப்புநோய்க்காகச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கரால், அதன் பிறகு நடந்த எதையும் நினைவில் வைத்திருக்க முடியவில்லை. கண்ணாடியில் தெரியும் தன் கையைப் பார்த்தபடி ஒரு நட்சத்திரத்தின் விளிம்புக்குள் கோடு வரையும்படி பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவரிடம் கேட்டார். மூன்று நாளில் மொலேசனின் கை நன்றாகத் தேறிவிட்டது. ஆனால் ஒவ்வொரு நாளும், தான் இதை முன்பு செய்ததே இல்லை என்றுதான் அவர் நம்பினார். கைப்பழக்கத்துக்கு என்று தனியான ஒரு களஞ்சியம் உண்டு என்பது அதிலிருந்து தெளிவாயிற்று. சிறுமூளையும், மூளையின் ஆழத்தில் உள்ள சில நரம்புத் திரள்களும் அதற்குப் பொறுப்பு.

இந்தக் களஞ்சியம் இலேசில் வெறுமையாகாது. 1962இல் வெளியான ஓர் ஆய்வில், விமானம் செலுத்துவது போன்ற ஒரு கைப்பயிற்சியைப் பழகியவர்களை இரண்டு வருடம் வரை இடைவெளி விட்டுச் சோதித்தார்கள். இழப்பு மிகச் சிறிது. அதையும் கொஞ்ச நேரப் பழக்கத்தில் மீட்டுவிட்டார்கள். கிளச், ஸ்டியரிங் எல்லாம் இந்த இனம். 'முதலில் இது, அடுத்தது அது' என்ற படிமுறைகள் வேறு இனம். காற்று பார், கைபிறேக் எடு, கண்ணாடி பார், சிக்னல் போடு என்ற வரிசையில் ஒன்று விடுபட்டாலும் அடுத்தது தானாக நினைவூட்டாது. அதனால் இவை விரைவில் தேய்கின்றன. நீண்டகாலம் ஓடாமல் இருந்துவிட்டு ட்ரயலுக்குப் போகிறவர்கள் நாள் முழுக்கக் கிளச்சோடு மினக்கெடுவது வீண் என்றே எனக்குப் படுகிறது. நின்ற லொறியில் ஏறியிருந்து, அந்த வரிசையை வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித் தொட வேண்டும். தாளைப் பார்த்து வாசிப்பதைவிட, பாராமல் நினைவிலிருந்து இழுத்தெடுப்பதே ஞாபகத்தை உறுதியாக்கும்.

அண்ணையின் கைக்கும் ஒரு சிக்கல் இருக்கத்தான் செய்தது. யாழ்ப்பாணப் பக்கமிருந்து வந்து பரந்தன் சந்தியில் முல்லைத்தீவு வீதிக்கு இடப்பக்கம் திரும்புகிறதாக வையுங்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் 5 மீற்றர் உள்ள லொறியின் முன்பக்கம் 13 மீற்றர் ஆரத்தில் வளைந்தால், பின்பக்கம் 12 மீற்றர் ஆரத்தில்தான் வரும். பள்ளிக்கூடத்தில் படித்த பைதகரஸ்தான்: 5, 12, 13. பின்சில்லு ஒரு முழு மீற்றர் உள்ளுக்கு வெட்டுகிறது. இரண்டரை மீற்றர் இடைவெளி உள்ள காருக்கு அதே வளைவில் இந்த வெட்டு ஏறக்குறைய 24 சென்ரிமீற்றர் மட்டுமே. ஓட்டோவுக்கு இன்னும் குறைவு. வருடக்கணக்காக ஓட்டோ ஓடிய அண்ணையின் சிறுமூளை வளைவுகளை அந்த அளவுக்கே தைத்து வைத்திருந்தது. முதல் நாள் ஆலை வளவில் வளைவுக்கு அடையாளமாக நட்டுவைத்த மூங்கில் கம்புகளில் இரண்டைப் பின்சில்லு சாய்த்துவிட்டது.

பிழை என்பது சிறுமூளைக்குக் கிடைக்கும் செய்தி. எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை வைத்தே அது அளவைத் திருத்துகிறது. முந்தி ஒருமுறை பழகிய அளவென்றால் திருத்தம் விரைவாக நடக்கும். நாலாம் நாள் கம்புகள் எல்லாம் நிமிர்ந்தே நின்றன.

பயம் வேலையைக் கெடுக்கும் விதம் ஒன்றைச் சொல்ல வேண்டும். 2002இல் வந்த ஓர் ஆய்வில், பந்தை உருட்டிக்கொண்டு ஓடும் கால்பந்து வீரர்களிடம், 'பாதத்தின் எந்தப் பக்கம் பந்தில் படுகிறது என்று கவனியுங்கள்' என்றார்கள். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அது உதவியது. தேர்ந்தவர்கள் வேகம் குறைந்து தடுமாறினார்கள். தானாக ஓடுகிற காரியத்துக்குள் புத்தி கைவைத்தால் அது துண்டு துண்டாக உடைந்துபோகிறது. பரிசோதகர் பக்கத்தில் வந்து இருந்ததும் 'என் கால் சரியாக விடுகிறதா' என்று காலைக் கவனிக்கிற றைவருக்கு நடப்பதும் இதுதான். கவனத்தை வெளியே வைத்திருக்க வேண்டும்: கண்ணாடியில் தெரியும் பின்சில்லு, வீதியின் வெள்ளைக் கோடு, போய்ச் சேர வேண்டிய இடம்.

பழகும் விதமும் முக்கியம். றிவேர்ஸ் மட்டும் பத்துத் தரம் அடுத்தடுத்து எடுத்தால் அன்றைக்குத் திறமாகத் தெரியும், நாளைக்கு நில்லாது. றிவேர்ஸ், இடத்திருப்பம், ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தல் என்று கலந்து பழகினால் அன்றைக்குத் தடுமாறும், ஆனால் சோதனை நாளில் கைகொடுக்கும். ஒரே நாளில் ஐந்து மணித்தியாலத்தைவிட ஐந்து நாளில் ஒவ்வொரு மணித்தியாலம் மேல். இடையில் வரும் நித்திரையில் மூளை படித்ததை உறைய வைக்கிறது. இன்னொன்று, எவ்வளவு தேர்ந்தவருக்கும் ஓய்வுக்குப் பிறகான முதல் சில நிமிடங்கள் பிசகும். அந்தப் பிசகு பரிசோதகருக்கு முன்னால் வராமல் இருக்க, முடிந்தால் அன்று காலையே ஒரு கால்மணி நேரம் ஓடிவிட்டுப் போவது நல்லது.

ஏ9இல் ஓடிய காலத்தில் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் அண்ணை ஒருநாளும் தாண்டியதில்லை. இறங்கி, கும்பிட்டு, ரயரைத் தட்டிப் பார்த்து, ஏறுவார். மாறாத அந்தச் சில நிமிடங்கள் மூச்சையும் கையையும் ஒரு நிலைக்குக் கொண்டுவரும். ட்ரயலுக்கும் அதையே வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

ஐந்தாம் நாள் விடிய அவர் லொறியைச் சுற்றி வந்தார், ஒவ்வொரு ரயராகத் தட்டினார், ஏறி எஞ்சினை ஓடவிட்டார். நான் பிளேன்ரீயை நீட்டினேன். கிளாஸ் முடிகிற நேரம் முள் சிவப்பைத் தாண்டியது. "காத்து வந்திட்டுது" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் கைபிறேக்கை எடுத்தார்.