காவலாளியின் முகம்

தீவிர சிகிச்சைப் பிரிவில் பல வருடங்களாக வேலை பார்க்கும் செவிலியர் ஒருவர் என்னிடம் ஆலோசனைக்கு வந்திருந்தார். "முன்னெல்லாம் நோயாளி அழுதா எனக்கும் கண்ணு கலங்கும் சார். இப்ப யார் அழுதாலும் டூட்டி எப்ப முடியும்னுதான் இருக்கு. நான் கெட்டவளா ஆயிட்டேனா?"

இல்லை. அடுத்தவர் வலியை நாள்தோறும் தன்மேல் ஏற்றிக்கொள்பவர்கள் ஒரு கட்டத்தில் மரத்துப்போவார்கள். நரம்பியல் ஆய்வாளர்கள் ஓல்கா கிளிமெக்கி, டானியா சிங்கர் குழுவினர் இதை ஸ்கேன் எடுத்தே பார்த்தார்கள். பிறர் துயரைத் தானும் உணரப் பயிற்சி பெற்றவர்களுக்கு, துன்பக் காட்சிகளைப் பார்க்கையில் உளைச்சல் கூடியது. பிறகு அவர்களுக்கே கருணைத் தியானம் சொல்லிக்கொடுத்தபோது அது தணிந்தது. மூளையில் வேறு பகுதிகள் இயங்கின. கூடச் சேர்ந்து அழுவது ஒன்று, நலம் வேண்டுவது வேறொன்று.

அந்தச் செவிலியருக்கு, பிறர் நலம் வேண்டும் மைத்திரி தியானம் சொல்லிக்கொடுத்தேன். 5-ஆம் நூற்றாண்டில் இலங்கையின் அனுராதபுரத்தில் பௌத்தத் துறவி புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்ற நூலில் இதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் தனக்கு, அடுத்து மதிப்புக்குரியவருக்கு, நெருங்கிய நண்பருக்கு, விருப்பும் வெறுப்பும் இல்லாத ஒருவருக்கு, கடைசியில் பகையாளிக்கு. ஒவ்வொருவரையும் மனதில் நிறுத்தி, 'நல்லா இருக்கணும், பயமில்லாம இருக்கணும்' என்று உள்ளுக்குள் சொல்ல வேண்டும். தினம் பத்து நிமிடம் போதும்.

பகையாளியிடம்தான் எல்லோரும் தடுமாறுவார்கள் என்று நினைப்போம். நான் பார்த்தவரை, தடுமாறுவது அதற்கு முந்தைய படியில். "தினமும் பார்க்கிற, பேர் தெரியாத ஒருத்தரை நினைச்சுக்குங்க" என்றேன். வார்டு வாசல் காவலாளி நினைவுக்கு வந்தார். சீருடை வந்தது, கையிலிருந்த நோட்டுப் புத்தகம் வந்தது. முகம் வரவில்லை. ஆறு வருடமாகக் கதவு திறந்துவிடுகிறவர். செவிலியர் அழுதுவிட்டார்.

ஒரு சமூகத்தைப் பற்றி வாட்ஸ்அப்பில் வதந்தி வந்தால் சட்டென்று நம்பிவிடுகிறோமே, அதற்குப் பெரிய காரணம் அந்தச் சமூகத்தில் நமக்கு முகம் தெரிந்த ஒருவர்கூட இல்லாததுதான் என்பது என் எண்ணம். ஐ.நா. பொதுச்சபை 2024-இல் டிசம்பர் 21-ஐ உலகத் தியான நாளாக அறிவித்தது. அன்று கூடி அமர்வதை மனதார வரவேற்கிறேன். ஆனால் நம் பாயில் நம்மவர்கள் மட்டுமே உட்கார்ந்திருந்தால், முகம் தெரியாத அந்த ஆள் வெளியிலேயேதான் நிற்பார்.

கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய ஒன்று: தியானம் எல்லோருக்கும் ஒத்துவராது. கொடுமைக்கு ஆளானவர்கள், காதில் குரல் கேட்பவர்கள், கண்ணை மூடியதும் பதற்றம் ஏறுபவர்கள் தாமாகத் தொடங்க வேண்டாம். தியானத்தை நம்பி மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். அடித்தவனுக்கு நலம் வேண்டச் சொல்லி யாரையும் வற்புறுத்தக் கூடாது. பகையாளியிடமிருந்து தொடங்காதே என்று புத்தகோசரே சொல்கிறார்.

இரண்டு வாரம் கழித்து அந்தச் செவிலியர் மறுபடி வந்தார். "அந்தக் காவலாளி இடது காதுல மெஷின் மாட்டியிருக்கார் சார். கூப்பிட்டா திரும்பறதே இல்லைன்னு எத்தனை நாள் அவரைக் கத்தியிருக்கேன்" என்றார்.