கமாண்ட் லைனில் பாஸ்வேர்டு அடிக்காதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கடைக்கு பில் போட, ஆத்தங்குடிக் கல்லுக்கு ஆர்டர் எடுக்க என்று சின்னச் சின்ன ஆண்ட்ராய்டு ஆப்களை ரெண்டு மூணு பேர் சேர்ந்து எழுதித் தருகிறார்கள், நிறையப் பேர் கல்லூரி முடித்த கையோடு இறங்கியவர்கள், வெளியே போவதற்கு முன்னால் அதையெல்லாம் பார்த்துக் கொடுப்பது என் வேலை. புரோகிராம் நன்றாகவே எழுதுகிறார்கள். ரிலீஸ் பில்டு, அதாவது வெளியே கொடுக்கிற ஆப் ஃபைல், எடுக்கிற இடத்தில்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

அந்த பில்டை எடுத்துத் தரும் கருவியான கிரேடிலில், கமாண்டோடு -பி என்று போட்டு புராஜெக்ட் பிராப்பர்ட்டி கொடுக்கலாம், -டி போட்டு சிஸ்டம் பிராப்பர்ட்டி கொடுக்கலாம். வெர்ஷன் நம்பரைக் கொடுக்க இது அருமையான வசதி. ஆனால் இணையத்தில் கிடைக்கிற பாடங்கள் பல, கீஸ்டோர் (ஆப்பில் உங்கள் கையெழுத்தைப் போடும் சாவி இருக்கும் ஃபைல்) பாஸ்வேர்டையும் அதே -பி-யில் கொடுக்கச் சொல்கின்றன, நம் பிள்ளைகளும் காப்பி எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். "பில்டு ஓடுதுல்லண்ணே, அப்புறம் என்ன?" என்று கேட்ட தம்பியை, பில்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அதே லினக்ஸ் மெஷினில் வேறொரு யூசராக நுழைந்து ஓடுகிற புரோகிராம்களைக் காட்டும் பிஎஸ் கமாண்டை அடித்துப் பார்க்கச் சொன்னேன். ஜாவா என்று தொடங்கும் நீளமான வரியின் கடைசியில் ரிலீஸ் பில்டு கேட்கும் அசெம்பிள்ரிலீஸ், அதற்குப் பக்கத்திலேயே பாஸ்வேர்டு, ஒரு எழுத்து விடாமல். ஆள் பேசவில்லை.

லினக்ஸில் ஒரு புரோகிராமை என்னென்ன ஆப்ஷன் கொடுத்து ஓட்டினோம் என்பதை, தனியாகத் தடை போடாத வரைக்கும், மெஷினில் உள்ள எந்த யூசரும் படிக்கலாம். போதாததற்கு அந்த வரி, அடித்த கமாண்டுகளைச் சேர்த்து வைக்கும் பாஷ் ஹிஸ்டரி ஃபைலிலும் போய் உட்காரும். கமாண்டுக்கு முன்னால் ஒரு ஸ்பேஸ் விட்டால் ஹிஸ்டரியில் ஏறாது என்று சிலர் சொல்வார்கள், அந்த செட்டிங் இருந்தால் சரி, ஆனாலும் பிஎஸ்ஸில் தெரிவதை அது மறைக்காது. இதைவிட மோசம், கிரேடில் டீமனுக்கான (பின்னணியில் ஓடும் கிரேடில் புரோகிராம்) ஜேவிஎம், அதாவது ஜாவாவை ஓட்டும் புரோகிராமின், ஆப்ஷன்களில் பாஸ்வேர்டைச் சேர்ப்பது. பில்டு முடிந்த பிறகும் டீமன் வழக்கமாக 3 மணி நேரம் சும்மா காத்திருக்கும், அத்தனை நேரமும் பாஸ்வேர்டு வெளியே தெரிந்துகொண்டிருக்கக்கூடும். டீபக் ஆப்ஷனைப் போட்டு ஓட்டினால் ரகசியங்கள் லாகில் (பில்டு எழுதி வைக்கும் பதிவில்) கசியலாம் என்று கிரேடிலே பெரிய எழுத்தில் எச்சரிக்கிறது, அந்த லாகைத்தான் எரர் என்ன என்று கேட்டு வாட்ஸப் குரூப்பில் போடுகிறார்கள்.

பாஸ்வேர்டு மட்டும் கிடைத்து என்ன செய்ய முடியும், கீஸ்டோர் ஃபைல் வேண்டாமா என்றால், வேண்டும்தான். அது பெரும்பாலும் புராஜெக்ட் ஃபோல்டருக்குள்ளேயே கிடக்கிறது, புரோகிராமைச் சேமித்துப் பகிரும் கிட்டிலும் ஏறியிருக்கிறது. உபுண்டு 21.04-க்கு முந்தைய வெர்ஷன்களில் ஒருவருடைய ஹோம் ஃபோல்டரை மற்ற யூசர்களும் திறந்து படிக்க முடியும், பழைய லேப் மெஷின்களில் இன்றும் அப்படித்தான். பெட்டகத்தைப் பூட்டிச் சாவியை முகப்புத் திண்ணையில் வைத்த கதை. ரெண்டும் கிடைத்தவன் உங்கள் கையெழுத்தோடு ஒரு ஏபிகே (ஃபோனில் ஆப்பை ஏற்றும் ஃபைல்) செய்து கடைக்காரருக்கு அனுப்பினால், ஃபோன் அதை உங்கள் ஆப்பின் அப்டேட் என்றே நம்பி ஏற்றிக்கொள்ளும். நம்ம ஊரில் ஆப்பை வாட்ஸப்பில்தானே அனுப்புகிறோம்!

மாற்று வழி ஒன்றும் கஷ்டமில்லை. உங்கள் ஹோம் ஃபோல்டரில் இருக்கும் கிரேடில் ஃபோல்டருக்குள் கிரேடில் பிராப்பர்ட்டீஸ் ஃபைலில் பாஸ்வேர்டை எழுதி, பெர்மிஷனை 600 (உங்களால் மட்டும் படிக்க, எழுத முடிகிற நிலை) ஆக்குங்கள். புராஜெக்டுக்குள் அதே பெயரில் இன்னொரு ஃபைல் இருக்கும், அதில் எழுதிவிடாதீர்கள், அது கிட்டில் போய்விடும். ரெண்டிலும் ஒரே பிராப்பர்ட்டி இருந்தால் ஹோமில் உள்ளதைத்தான் கிரேடில் எடுக்கும், அதனால் தைரியமாக வைக்கலாம். சர்வரில் தானாக ஓடும் பில்டு என்றால் என்விரான்மென்ட் வேரியபிளாக (கமாண்ட் வரியில் இல்லாமல் புரோகிராமுக்குத் தனியாகத் தரும் மதிப்பு) கொடுங்கள், அது மற்ற சாதாரண யூசர்கள் கண்ணில் படாது.

ஏற்கெனவே கசிந்திருந்தால் பாஸ்வேர்டை மாற்றுவது போதாது, பழைய கீஸ்டோரைக் காப்பி எடுத்தவனிடம் பழைய பாஸ்வேர்டே வேலை செய்யும். பிளே ஸ்டோரில் உள்ள ஆப்பின் சைனிங் கீ (கையெழுத்துப் போடும் சாவி) கூகுளிடம் மட்டும் இருந்தால், கசிந்தது அப்லோடு கீ (ஆப்பை பிளே ஸ்டோருக்கு அனுப்பும்போது போடும் சாவி) மட்டும்தான், அதை மாற்றித் தரச் சொல்லி பிளே கன்சோலிலேயே கேட்கலாம். 2021 ஆகஸ்ட் முதல் புது ஆப்கள் எல்லாம் அந்த முறைக்குள்தான் வருகின்றன. நேரடியாக ஏபிகே கொடுத்தவர்களுக்குத்தான் சிக்கல். சாவியை முறைப்படி மாற்றுகிற வசதி ஆண்ட்ராய்டு 9-லிருந்துதான் இருக்கிறது, அதற்கு முந்தைய ஃபோன்களில் ஆப்பை அழித்துவிட்டுப் புதிதாகத்தான் ஏற்ற வேண்டும், அப்படிச் செய்யும்போது ஃபோனுக்குள் இருக்கும் பில் கணக்கும் சேர்ந்து போய்விடும். கடைக்கு நேரில் போய், கணக்கை வெளியே எடுத்து, திறந்து சரிபார்த்த பிறகு ஆப்பை அழியுங்கள்.