முந்திரியை எண்ணிச் சாப்பிடுவது ஏன்?

பலா பழுக்கும் மாதங்களில் பண்ருட்டிச் சாலையோரக் கடைகளில் பலாப்பழமும் முந்திரிப்பருப்பும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். இரண்டும் ஒரே செம்மண்ணில் விளைந்தவை, இரண்டும் உடம்புக்கு நல்லவை. ஆனால் 100 கிராம் பலாச்சுளையில் சுமார் 95 கிலோகலோரிதான். அதே எடை முந்திரியில் 550க்கு மேல். சுளையில் முக்கால் பங்கு தண்ணீர். பருப்பில் தண்ணீர் நூற்றுக்கு ஐந்து பங்கு அளவுதான், கொழுப்போ ஏறக்குறைய 45 பங்கு. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கிலோகலோரி தரும், கொழுப்பு 9 தரும், தண்ணீர் ஒன்றும் தராது.

வயிறு இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை. 'போதும்' என்று முதலில் சொல்வது இரைப்பையின் விரிவு. அது பருமனுக்குக் கட்டுப்பட்டது. கொழுப்பும் புரதமும் சிறுகுடலைத் தொட்ட பிறகு சுரக்கும் ஹார்மோன்கள் பசியை அடக்கும், ஆனால் அவை வேலை செய்யக் கால் மணி நேரமாவது ஆகும். அதற்குள் 50 கிராம் முந்திரி உள்ளே போய்விடும்: இடமே அடைக்காமல் 280 கிலோகலோரி. நல்ல கொழுப்பு என்பதால் கலோரி குறையாது. இதய நலத்துக்கும் இடுப்பளவுக்கும் தனித்தனிக் கணக்கு.

ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டியில், 2000 கிலோகலோரி உண்பவருக்கு ஒரு நாளைக்குக் கொட்டைகளும் விதைகளும் சேர்ந்து 35 கிராம், எண்ணெயும் கொழுப்பும் 27 கிராம். 'ஒரு கைப்பிடி' என்ற அளவை நம்ப வேண்டாம்; ஆளுக்கு ஆள் அது 30 கிராமாகவும் இருக்கும், 50 கிராமாகவும் இருக்கும். முந்திரியைப் பொறுத்தவரை அளவு கடைக்காரர் சொல்லும் தரத்திலேயே இருக்கிறது. டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, அதிகபட்சம் 320 முழுப்பருப்பு. ஒன்று 1.4 கிராமுக்குச் சற்று மேல். ஆகவே அந்த 35 கிராமில் முந்திரிக்கு 20 கிராம் ஒதுக்கினால், டபிள்யூ 320இல் 14 பருப்பு, டபிள்யூ 240இல் 10, பெரிய டபிள்யூ 180இல் 8 எண்ணினால் போதும். தராசே வேண்டாம். உடைசல் வாங்குகிறவர்கள் மட்டும் ஒருமுறை எடை போட்டு, வீட்டுக் கரண்டியில் அது எவ்வளவு வருகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளலாம்.

முழுப்பருப்பும் அரைத்த பருப்பும் உடலுக்கு ஒன்றல்ல என்பது பலருக்குத் தெரியாது. பருப்பின் கொழுப்பு நுண்துளிகளாகச் செல்களுக்குள் அடைபட்டிருக்கிறது; செல்சுவரை நம் செரிமான நொதிகளால் கரைக்க முடியாது. எவ்வளவு மென்றாலும் ஒவ்வொரு துணுக்கின் மேற்பரப்பில் உள்ள செல்கள்தான் உடையும். உள்ளே இருப்பதில் ஒரு பகுதி செரிக்காமலே மலத்தோடு வெளியேறுகிறது. அமெரிக்க வேளாண் துறை ஆய்வாளர்கள் மனிதர்களிடம் அளந்து 2019இல் வெளியிட்ட முடிவின்படி, 28 கிராம் முந்திரியிலிருந்து உடல் எடுத்துக்கொள்வது சராசரியாக 137 கிலோகலோரி. வழக்கமான கணக்கீடோ 163 என்கிறது. விழுதாக அரைத்துவிட்டால் செல்கள் பெருமளவு சிதைந்து கொழுப்பு வெளியே வந்துவிடும். பாதாமை வைத்துச் செய்த சோதனையில், வெண்ணெய் போல அரைத்ததிலிருந்து ஏறக்குறைய முழுக் கலோரியும் கிடைத்தது.

இதனால்தான் தட்டில் எண்ணி வைத்த பத்துப் பருப்பைவிடக் குருமாவில் கரைந்த முந்திரியைக் கவனிக்க வேண்டும். நான்கு பேருக்கான குருமாவில் 50 கிராம் முந்திரி (280 கிலோகலோரி), 100 கிராம் தேங்காய்த்துருவல் (350), மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் (360) சேர்த்தால், காய்க்கு முன்னமே ஆளுக்கு 250 ஆகிவிடுகிறது. முந்திரியை 20 கிராமாக்கி, குழம்பு கெட்டியாக ஒரு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை சேர்த்து, தேங்காயையும் எண்ணெயையும் பாதியாக்குங்கள். ஆளுக்கு 125 அளவில் நிற்கும், வழவழப்பும் குறையாது. எண்ணெயைப் புட்டியிலிருந்து நேராகச் சாய்த்தால் இந்தக் கணக்கு தவறும், கரண்டியால் அளந்தே ஊற்றுங்கள்.

மல்லாட்டைக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, நம் பக்கத்து வழக்கமே நல்ல வழி காட்டுகிறது: ஓட்டோடு அவிப்பது. அவித்த பருப்பில் நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் தண்ணீர். 200 கிலோகலோரிக்கு வறுத்த பருப்பு 34 கிராம்தான். அவித்தது 60 கிராமைத் தாண்டும். ஒரே கொட்டையில் கலோரி மாறவில்லை, வயிற்றை அடைக்கும் பருமன் கூடியிருக்கிறது. ஓட்டை உரித்துத் தின்ன நேரமும் பிடிக்கும். உரித்து, உப்புக் காரம் போட்டுப் பொரித்த பாக்கெட் இந்த இரண்டு தடையையும் எடுத்துவிடுகிறது.

பெரும்பாலானோர் சறுக்குவது சேர்த்துக்கொள்வதில். மாலை டீயோடு வடை தின்றுவிட்டு, 'நல்லது' என்று மேலே முந்திரியும் தின்றால் முந்திரி வெறும் கூடுதல் கலோரி. வடைக்குப் பதிலாகத் தின்றால்தான் பயன். நெய், பேரீச்சை, எள்ளுருண்டை எல்லாவற்றுக்கும் இதே விதி.

கடலோரக் காற்றின் ஈரம் பருப்பை நமுக்க வைக்கும். வெயிலும் சூடும் கொழுப்பைச் சிக்கடிக்கச் செய்யும். கால் கிலோ அளவில் வாங்கிக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பூஞ்சணம் பிடித்த, சுருங்கிக் கசக்கும் மல்லாட்டையைக் கழுவி வறுத்துப் பயன்படுத்தக் கூடாது. அதில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு இருக்கலாம், அது கல்லீரலைத் தாக்கும், வறுப்பதால் முழுதாக அழியாது.

எடை குறைந்த முதியவருக்கும் நோயிலிருந்து தேறுகிறவருக்கும் கணக்கைத் திருப்பிப் போட வேண்டும். அவர்களால் நிறையச் சாப்பிட முடியாது; சிறு அளவில் நிறையச் சக்திதான் தேவை. ஒரு கிண்ணம் கேழ்வரகுக் கஞ்சியில் 25 கிராம் வறுத்தரைத்த மல்லாட்டைப் பொடி கலந்தால் 140 கிலோகலோரியும் 6 கிராம் புரதமும் கூடும். அரைத்த பருப்பு எளிதில் செரிக்கும் என்பது இங்கே வரம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் பொடியாகவோ விழுதாகவோதான் தர வேண்டும். முழுப்பருப்பு மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். முதல் முறை கால் தேக்கரண்டி கொடுத்து, தடிப்போ வீக்கமோ வருகிறதா என்று பார்த்த பிறகு அளவைக் கூட்டுங்கள்.