புரத மடிப்பு: சொல்லும் பொருளும்

பினாங்குத் தமிழ்ப்பள்ளிகளில் ஆறாம் ஆண்டு வரை ‘புரதச் சத்து’ என்று படிக்கும் பிள்ளைகள், இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் அறிவியலை மலாயிலோ ஆங்கிலத்திலோதான் படிக்கிறார்கள். ‘புரோட்டீன் ஃபோல்டிங்’ என்பதைப் பார்க்கும்போது அதற்குத் தமிழ்ச்சொல் அவர்கள் கைவசம் இருப்பதில்லை. புரத மடிப்பு என்பதே அந்தச் சொல்.

புரோட்டீன் என்ற பெயரை 1838இல் டச்சு வேதியியலாளர் முல்டருக்குக் கடிதத்தில் எழுதிக் கொடுத்தவர் சுவீடனின் பெர்சீலியஸ். ‘முதன்மையானது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தார். மலாய் அதை அப்படியே வைத்துக்கொண்டது. தமிழில் புரதம் நிலைத்துவிட்டது.

சரி, மடிவது எது? அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்த நீண்ட இழைதான் புரதம். தண்ணீரோடு ஒட்டாத அமிலங்கள் உள்ளே ஒதுங்க, ஒட்டுபவை வெளிப்பக்கம் நிற்க, ஹைட்ரஜன் பிணைப்புகள் அங்கங்கே சுருளாகவும் தகடாகவும் பிடித்துவைக்க, ஒரு முப்பரிமாண உருவம் அமைகிறது. அந்த உருவம் இருந்தால்தான் பெரும்பாலான புரதங்களுக்கு வேலை ஓடும்.

அமெரிக்காவின் ஆன்ஃபின்சன், 124 அமிலங்கள் கொண்ட ரைபோநியூக்ளியேஸ் என்ற புரதத்தை எடுத்து, யூரியாவும் கந்தகப் பிணைப்பை உடைக்கும் பொருளும் சேர்த்து முழுக்க அவிழ்த்துவிட்டார். இரண்டையும் நீக்கியதும் அது பழைய உருவத்துக்கே திரும்பி, பழைய வேலையையும் செய்தது! உருவத்துக்கான தகவல் அமில வரிசையிலேயே இருக்கிறது என்று காட்டிய அவருக்கு 1972இல் நோபல் பரிசு.

செல்லுக்குள் சில துணைப் புரதங்கள் உதவினாலும், இழை தானாகவேதான் மடிகிறது. அதனால் ‘புரதத்தை மடித்தல்’ என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. ‘மடிதல்’ சரிதான், ஆனால் போரில் மடிந்தார்கள் என்றும் சொல்கிறோமே, ‘புரதம் மடிந்தது’ என்று மொட்டையாக எழுதினால் அழிந்துபோனதாகத் தோன்றும். பெயர்ச்சொல்லுக்கு ‘மடிப்பு’, வினைக்கு ‘மடிந்து உருக்கொள்கிறது’ என்று வைத்துக்கொண்டால் குழப்பமில்லை.

உருவம் குலைவதற்கு ‘இயல்பிழப்பு’ என்பார்கள். கோப்பிக் கடையின் அரைவேக்காட்டு முட்டையில் அதைக் கண்ணால் பார்க்கலாம். வெள்ளைக்கருவின் சில புரதங்கள் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதுமே அவிழ்ந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. அதில் மிகுதியாக உள்ள ஓவால்புமினுக்கு 80 டிகிரியாவது வேண்டும். அதனால்தான் வெள்ளை பாதி இறுகி, பாதி கொழகொழவென்று நிற்கிறது. சிக்கிய இழைகள் ஆறவைத்தாலும் பிரிவதில்லை.

அப்புறம், ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு நிரல். அதற்காக ஹசாபிஸுக்கும் ஜம்பருக்கும் 2024இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அமில வரிசையைக் கொடுத்தால் அது சொல்வது முடிவான உருவத்தை. இழை மடிந்துவரும் வழியை அது காட்டுவதில்லை. ஆகவே அதைப் பற்றி எழுதும்போது ‘உருவக் கணிப்பு’ என்பதே பொருந்தும்.