மண்காப்பு முறைகள் ஏன் மெதுவாகப் பரவுகின்றன?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: வரப்பு போட்டால் மண்ணும் நீரும் தங்கும், விளைச்சலும் கூடும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தும், உழவர்களில் பலர் ஏன் அதைச் செய்வதில்லை? கேள்வியில் உள்ள எடுகோளையே முதலில் சோதித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அரிப்பின் இயற்பியல் எளிது. பெரிய மழைத்துளி நொடிக்கு ஏறத்தாழ 9 மீட்டர் வேகத்தில் விழுந்து மண்கட்டியை உடைக்கிறது. சிதறிய நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைத்துவிட, உள்ளே இறங்க வேண்டிய நீர் மேலே ஓடி மண்ணையும் இழுத்துச் செல்கிறது. மூடாக்கு, அதாவது மண்ணின் மேல் பரப்பிவைக்கும் வைக்கோலும் சருகும், துளியின் அடியைத் தாங்குகிறது. சம உயர வரப்பும் குழிகளும் ஓடும் நீரை நிறுத்துகின்றன.

ஆனால் இந்த இழப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒரு ஹெக்டேரில் 1 மில்லிமீட்டர் மேல்மண் போவதென்றால் 10 கன மீட்டர், அதாவது ஏறக்குறைய 13 டன் மண் போகிறது என்று பொருள். 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு உழுகிறவருக்கு அந்த 1 மில்லிமீட்டர் எப்படித் தெரியும்? அடுத்த உழவில் அடிமண் மேலே வந்து கலந்துவிடுகிறது. விளைச்சலில் ஏற்படும் சரிவையும் உரம் சில ஆண்டுகளுக்கு மறைத்துவிடுகிறது. செலவோ உடனே வந்து நிற்கிறது: மண் வெட்டும் உழைப்பு, வரப்பு பிடித்துக்கொள்ளும் இடம், அந்த இடத்தில் விளையாமல் போகும் தவசம். நிலம் குத்தகையில் இருந்தால், பலன் கைக்கு வரும் ஆண்டில் அந்த நிலம் யாரிடம் இருக்கும் என்ற கேள்வியும் சேர்ந்துகொள்கிறது.

வயது, கல்வி, நிலத்தின் பரப்பு, கடன் வசதி என்று காரணங்களை அடுக்குவது வழக்கம். உழவைக் குறைத்து, மண்ணை மூடிவைத்து, பயிரை மாற்றி மாற்றி விளைவிக்கும் பாதுகாப்பு வேளாண்மை பற்றிப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை டங்கன் நோலர், பென் பிராட்ஷா இருவரும் 2007இல் தொகுத்துப் பார்த்தபோது, எல்லா இடங்களுக்கும் பொருந்தும் காரணி என்று சொல்லத்தக்கது அநேகமாக எதுவும் கிடைக்கவில்லை. ஓரிடத்தில் ஊக்கமாக அமைந்த காரணி மற்றோரிடத்தில் விளைவே இல்லாமல் போனது. உழவர் பழமைவாதி, சொன்னால் புரியாதவர் என்ற அலுவலக நம்பிக்கையை நான் மூடநம்பிக்கை என்றே சொல்வேன். மேற்கு ஆப்பிரிக்க நாடான நைஜரில் அரைநிலா வடிவ வரப்புகளைப் பற்றி ஜென்னி ஏக்கரும் கெல்சி ஜாக்கும் செய்த சோதனை அதை நேரடியாகவே மறுக்கிறது. இறுகிப்போன நிலத்தில், மேட்டுப்பக்கம் திறந்தும் பள்ளத்துப்பக்கம் கரை கட்டியும் அமைக்கப்படும் இவ்வரப்புகளுக்குக் கடும் உழைப்பு வேண்டும். ஆகவே பணத் தட்டுப்பாடே தடை என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் பயிற்சி பெற்ற ஊர்களில் வரப்பு அமைத்தவர்களின் பங்கு, பெறாத ஊர்களைவிட 90 விழுக்காட்டுப் புள்ளிகளுக்கும் மேல் உயர்ந்தது. பயிற்சியுடன் பணமும் கொடுத்த இடங்களில் அதற்கு மேல் கூடுதல் விளைவு எதுவும் இல்லை.

அறிவு உழவரிடமிருந்து உழவருக்கு எப்படிக் கடக்கிறது என்பதுதான் இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பக்கத்து வயல்காரர் குழி வெட்டி, தொழுவுரம் இட்டு, மக்காச்சோளம் விதைத்து நல்ல விளைச்சல் எடுத்திருக்கிறார் என்று கொள்வோம். வேலியோரம் நின்று அதைப் பார்ப்பவருக்கு நியாயமான ஐயங்கள் எழுகின்றன. அந்த வயல் சற்றுத் தாழ்வானது. இட்ட உரமும் அதிகம். இந்த ஆண்டு மழையும் வேளைக்குப் பெய்தது. ஒரே வயலின் ஒரே பருவத்தை வைத்து, குழியின் பங்கு எவ்வளவு, மழையின் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிய ஆய்வாளராலும் முடியாது. வேறு மண், வேறு குடும்பம், அங்கும் அதே பலன் என்று கண்டால் நிலைமை மாறுகிறது. தற்செயல் காரணங்கள் இரண்டு இடத்திலும் ஒரே திசையில் கூடியிருக்கும் வாய்ப்பு குறைவு. சான்றுகள் ஒன்றையொன்று சாராதவையாக இருந்தால், சராசரியின் பிழை எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பச் சுருங்கும். நான்கு வயல்களைப் பார்த்தவருக்கு, ஒன்றை மட்டும் பார்த்தவரின் ஐயத்தில் பாதிதான் மிஞ்சும். உழவரின் தயக்கத்துக்குள் நேர்த்தியான புள்ளியியல் இருக்கிறது.

இதிலிருந்து வியப்பான ஒரு முடிவு கிடைக்கிறது. ஒருவரிடம் கேட்டாலே போதும் என்றால், பயிற்சி பெற்ற இருவரை ஊரின் இரு மூலைகளில் வைப்பதே சிறந்தது. இருவரிடமாவது கண்டால்தான் துணிவு வரும் என்றால் அதே ஏற்பாடு வீணாகிறது. இருவரையும் அறிந்தவர் யாரும் இல்லாததால் பரவல் தொடங்கிய இடத்திலேயே நின்றுவிடும். பயிற்சி பெற்ற இருவருக்கும் பொதுவான பழக்கக்காரர்கள் பலர் இருந்தால் மூன்றாமவர் தொடங்குவார், அவரைக் கண்டு நான்காமவரும் தொடங்குவார். லோரி பீமனும் சக ஆய்வாளர்களும் மலாவியின் 200 ஊர்களில், யார் யாரோடு பேசுகிறார் என்று வலைப்படம் வரைந்து, குழி நடவு முறையை வைத்து இதைச் சோதித்தார்கள். 2021இல் வெளியான அந்த ஆய்வில், இருவர் தேவை என்ற கணக்கின்படி ஆள் தேர்ந்தெடுத்த ஊர்களில், உழவர்களுக்குப் புதிய முறைகளைச் சொல்லித்தரும் வேளாண் விரிவாக்கப் பணியாளர்கள் தம் வழக்கப்படி தேர்ந்தெடுத்த ஊர்களைவிடக் குழி நடவு கூடுதலாகப் பரவியது.

கூலி கொடுத்தோ கட்டாயப்படுத்தியோ இந்தக் கற்றலைத் தாண்டிப் போகலாம் என்பவர்களுக்கு எத்தியோப்பியாவின் அனுபவம் இருக்கிறது. 1970களிலும் 80களிலும் கூலிக்குப் பதில் உணவு தரும் ‘உணவுக்கு வேலை’த் திட்டங்களின் கீழ் அங்கே பெரும் பரப்பில் வரப்புகள் எழுந்தன; அரசின் பிடி தளர்ந்த பிறகு உழவர்கள் பலவற்றைக் கலைத்தார்கள். வரப்புகளின் நெருக்கத்தில் மாட்டு ஏரைத் திருப்ப இடமில்லை, வரப்புக்குள் எலிகள் குடியேறின என்று அவர்கள் சொன்ன குறைகள் உண்மையானவை. திட்ட அறிக்கைகள் கட்டிய வரப்பின் நீளத்தை எண்ணினவே தவிர, இக்குறைகளை எண்ணவில்லை.

இன்றும் ஆய்வு நிதி பெரும்பாலும் திட்டம் முடியும் ஆண்டோடு தீர்ந்துவிடுகிறது. ஐந்தாம் ஆண்டில் அதே வயலுக்குத் திரும்பிப் போய், எந்த வரப்பு நிற்கிறது, எது கலைந்தது, எதை உழவரே தம் வசதிக்கு மாற்றிக் கட்டினார் என்று கேட்டுப் பதிவுசெய்ய ஒவ்வொரு மண்காப்புத் திட்டத்திலும் தனித்தொகை ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.