மனவடு: ட்ராமாவுக்கு ‘அதிர்ச்சி’ போதுமா?

‘ட்ராமா’ என்று தமிழில் எழுதிப் பாருங்கள். நாடகமா, காயமா என்று வாசிப்பவர் ஒரு நொடி தடுமாறுவார். இதற்காகவே ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்.

கிரேக்க மொழியில் ‘ட்ராமா’வுக்கு (trauma) புண், காயம் என்று பொருள். ஆஸ்பத்திரியில் ‘ட்ராமா வார்டு’ இன்றும் விபத்தில் அடிபட்டவர்களுக்குத்தான். 19ஆம் நூற்றாண்டில் ரயில் விபத்தில் தப்பியவர்கள் சிலர், வெளிக்காயம் பெரிதாக இல்லாமலே தூக்கம் கெட்டு நடுங்கிக் கிடந்தார்கள். 1866இல் லண்டன் மருத்துவர் எரிக்சன் முதுகுத்தண்டைக் காரணம் காட்டினார். 1889இல் ஜெர்மானிய நரம்பியலாளர் ஓப்பன்ஹைம் ‘ட்ராமா’ என்ற சொல்லை ஒட்டியே அந்த நோய்க்குப் பெயர் வைத்தார். அப்புறம் சொல் மெல்ல மனசுக்குக் குடிபெயர்ந்தது.

தமிழில் ‘அதிர்ச்சி’ என்று எழுதிவிடுகிறோம். எனக்கு ஒப்பவில்லை. தங்கம் விலை ஏறினாலும் அதிர்ச்சிதான், வரும், போகும். இலங்கைத் தமிழில் உளநலம் பேசுபவர்கள் ‘மனவடு’ என்கிறார்கள். தீ சுட்டதைப் புண் என்றும் நாக்கு சுட்டதை வடு என்றும் வள்ளுவர் பிரித்தாரே, அந்த வடு. என் ஓட்டு இதற்கே.

சரி, ஒருவரின் பழைய மனக்காயத்தை மனதில் வைத்து அவரிடம் நடந்துகொள்வதை ஆங்கிலத்தில் ‘ட்ராமா இன்ஃபார்ம்டு’ (trauma-informed) என்கிறார்களே, அதற்கு என்ன சொல்? ‘தகவலறிந்த’ என்று போட்டால் ஆர்டிஐ மனு மாதிரி இருக்கும். ‘வடுவறிந்த அணுகுமுறை’ எனலாம். இங்கிலாந்தில் கைக்குழந்தைகளைக் காக்கும் பணியில் இந்தத் தொடர் அதிகம் புழங்குகிறது. அரசுப் பராமரிப்பில் வளர்ந்த ஓர் இளம்தாயை நினைத்துக்கொள்ளுங்கள். குழந்தையைப் பார்க்க வரும் செவிலியருக்கு அவள் கதவு திறப்பதில்லை. ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று கோப்பில் எழுதுவது சுலபம். ஆனால், முன்பு ஒருநாள் கதவைத் தட்டிய அதிகாரிதான் அவளை அவள் அம்மாவிடமிருந்து பிரித்திருக்கலாம். இதை அறிந்தவர் ஒவ்வொரு முறையும் ஆளை மாற்றி அனுப்பமாட்டார், சொல்லிவிட்டு வருவார், அவளைப் பற்றி என்ன எழுதினோம் என்பதை அவளிடமே காட்டுவார். உதவப் போய் மறுபடியும் காயப்படுத்திவிடக் கூடாது என்று அமெரிக்க அரசின் 2014 வழிகாட்டியும் சொல்கிறது.

அதற்காகத் தாயின் வடுவைக் காட்டிக் குழந்தைக்கு வரும் ஆபத்தைப் பொறுத்துக்கொள்வது இல்லை. குழந்தையை யார் வளர்ப்பது என்று தீர்மானிக்கும்போது அதன் நலனே முதன்மை என்று இங்கிலாந்தின் 1989 குழந்தைகள் சட்டம் நீதிமன்றத்துக்கு விதித்திருக்கிறது. பேசத் தெரியாத உயிர் என்பதால் பார்ப்பவர்தான் குழந்தையின் குறிப்பைப் படிக்க வேண்டும். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்கிறோம். அழுதும் யாரும் வராமலே போனால்? அந்தப் பிள்ளை அழுவதையே குறைத்துக்கொள்ளக்கூடும். ‘சமத்துக் குழந்தை, தொந்தரவே இல்லை’ என்று கேட்டதும் அனுபவசாலிகள் இன்னொரு முறை உற்றுப் பார்ப்பது இதனால்தான்.

இங்கே என் சொல்லையே நான் திருத்த வேண்டியிருக்கிறது. வடு என்பது புண் ஆறிய பிறகு நிற்பது. தாய்க்கு அது பொருந்தும். ஐந்து மாதக் குழந்தைக்கு இன்னும் பச்சைப்புண்தான். அங்கே ‘உளக்காயம்’ என்றே எழுதுவேன்.