சத்திரத்துச் சுவருக்கு சிமெண்ட் வேண்டாம்

"போன வருஷம்தான் சார் சிமெண்ட் பூசினோம், அதுக்குள்ள பொரிஞ்சு கொட்டுது." பழைய சத்திரத்தை வாங்கிக் குடியேறியவர்கள் வாயில் திரும்பத் திரும்ப இதே வாக்கியம். கொட்டாமல் என்ன செய்யும்?

வழிப்போக்கர் படுத்தெழும் திண்ணை, நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், இரண்டடிக் கனத்தில் சுவர், மேலே மெட்ராஸ் டெரஸ், அதாவது மரக்கட்டைகள் மேல் செங்கல்லைச் சுண்ணாம்பில் அடுக்கிய மாடித்தளம். தஞ்சைப் பக்கத்துச் சத்திரம் என்றால் அனேகமாக இதுதான். செங்கல், சுண்ணாம்பு, மரம். சிமெண்ட் ஒரு கரண்டி கிடையாது.

சிமெண்ட் பூசினால் ஓதம் (சுவரில் ஏறும் ஈரம்) நிற்கும் என்று யார்தான் கிளப்பிவிட்டார்களோ! ஓதம் வருவது மண்ணிலிருந்து. சுண்ணாம்புப் பூச்சு வழியாக அது காற்றில் ஆறிவிடும். வழியை அடைத்தால் ஈரம் மேலே ஏறும். இரண்டடியில் இருந்த கறை நாலடிக்குப் போகும். கூட வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் பூத்துச் செங்கல்லை மாவாக்கும். பூச்சு கெட்டிதான், சந்தேகமில்லை. விழும்போது கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு விழுகிற அளவுக்குக் கெட்டி! வாட்டர்ப்ரூஃப் பெயின்ட்டும் இதே வேலையைத்தான் செய்யும். தரையில் விட்ரிஃபைட் டைல்ஸ் ஒட்டினால் அங்கே ஆறிய ஈரமும் சுவருக்கே திரும்பும்.

சிமெண்டை உளியால் கொத்தி எடுங்கள், மெஷின் வேண்டாம். ஒரு கோடை முழுக்கச் சுவர் ஆறட்டும். பிறகு புதுப் பூச்சுக்குக் குறைந்தது இரண்டு வாரம் ஊறிய சுண்ணாம்பு 1 பங்கு, ஆற்று மணல் 3 பங்கு. மழை அடிக்கும் பக்கத்துக்குச் சுண்ணாம்பு 1, சுர்க்கி (செங்கல் தூள்) 1, மணல் 2. ஒரு தடவைப் பூச்சுக்கு 10 மி.மீ. போதும், வெயில் படாமல் சாக்கு கட்டி ஒரு வாரம் ஈரம் காட்டுங்கள். "கொஞ்சம் சிமெண்ட் கலந்தா சீக்கிரம் இறுகும்" என்று கொத்தனார் சொன்னால் மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

மாடி ஒழுகினால் மேலே கான்கிரீட் கொட்டாதீர்கள். 10 செ.மீ. கனத்துக்குச் சதுர மீட்டருக்கு 240 கிலோ. தாங்குவது கீழே உள்ள மரக்கட்டைகள். 1,000 லிட்டர் தொட்டி வைத்தால் தண்ணீரே ஒரு டன். பெரும்பாலும் ஒழுகுவது மேலே பதித்த தட்டோட்டு (தட்டையான ஓடு) இடுக்கில், இல்லையென்றால் மழைநீர் வெளியேறும் தூம்பு அடைபட்ட இடத்தில். கட்டை சுவருக்குள் நுழைகிற முனையை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். பொதுக்கென்று இறங்கினால் முதலில் முட்டுக் கொடுங்கள், மற்றது பிறகு.

முற்றத்தைத் தயவுசெய்து ஷீட் போட்டு மூடாதீர்கள். வீட்டுக்குக் காற்றே அந்த வழியாகத்தான். இன்னொன்று, சாலை போடப் போடத் தெரு உயர்ந்து திண்ணை பாதி புதைந்திருக்கும். மழைத் தண்ணீர் சுவரடியில் நின்றால் எந்தப் பூச்சும் நிலைக்காது. பூச்சு வேலையைத் தொடங்குமுன் அதற்கு வடிகால் வெட்டிவிடுங்கள்.